நிழல் விழாத மரம்

கீழ்வானில் எழுந்த கதிரவன் ஆற்றின்மேல் விரித்த பொன்னொளி, நீரைத் தொட்டு, நீரைத் தொட்டு நிற்கும் படகுத்துறையின் கற்படிகளைத் தொட்டு, படிகளுக்கு மேலே தோளோடு தோள் சேர்ந்து நின்ற கிடங்குகளின் செங்கற் சுவர்களில் ஏறி, பழைய சுங்கக் கட்டடத்தின் மாடிச் சாளரங்கள் வழியே உள்ளே நுழைந்து, தூசித் துகள்களை விண்மீன்கள்போல் மிதக்கவிடும் இளங்காலைப் பொழுது. மேலே, பாலத்தின்மீது வண்டிகள் வரிசை கட்டி ஊர்கின்றன; கீழே, பாலத்தால் வேலையிழந்த படகுகள் ஒன்றிரண்டு, கட்டிய கயிற்றின் நீளமே உலகம் என்று அமைந்துவிட்ட கன்றுகளைப்போல் முன்னும் பின்னும் அசைகின்றன. ஒருகாலத்தில் இவ்வூரை அடைந்த சரக்கெல்லாம் அக்கட்டடத்தின் வாயிலில் நின்று தன்னைக் காட்டிவிட்டே உள்ளே சென்றது. இன்றோ எடையிடுவோரும் எழுதுவோரும் நீங்கிய அந்நெடிய மாடியறையில் வாழ்வோர், படிக்கும் அன்பரே, வெயிலுக்கும் ஈரத்துக்கும் அஞ்சுவோர், பேசாதோர், கண் இமையாதோர், ஊரின் பழமையைத் தம் முகங்களில் தாங்கி நிற்கும் படத்து மாந்தர்.

வடக்குச் சுவரில் ஓவியங்கள். கப்பற் பலகைகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த ஒருவர் தாம் கண்ட பெருவெள்ளத்தைத் தாம் அறிந்தவாறு தீட்டியிருக்கிறார். அதில் கூரைகளின்மேல் ஏறி நிற்கும் ஆடுகள் கூரைகளைவிடப் பெரியவை. ஆயினும் அவ்வெள்ளத்தில் எதை இழக்க மக்கள் அஞ்சினர் என்பதற்கு அவ்வாடுகளைவிடத் தெளிந்த சான்று வேறில்லை. தெற்குச் சுவரில் ஒளிப்படங்கள்: புதிதாய் வந்த தீயணைப்பு வண்டியைச் சூழ்ந்து, தீயைக் கண்டிராத பெருமிதத்துடன் நிற்கும் இளைஞர், நாற்காலியின் கையை இறுகப் பற்றியவாறு வரப்போகும் நாளை அஞ்சி நோக்கும் மணமக்கள், அதட்டலுக்கு அடங்கி மூச்சையும் அடக்கிய பள்ளிப் பிள்ளைகள். நடுவே நின்ற தாழ்ந்த பேழைகளின் இழுப்பறைகளில் பட அஞ்சலட்டைகள். ஆறும் கடைத்தெருவும் மணிக்கூண்டும் மென்சிவப்பும் இளநீலமும் பூசிக்கொண்டு, மறுபுறத்தில் 'நலம், மழை குறைவு, குடையை அங்கேயே விட்டுவிட்டேன்' என்பன போன்ற பெருஞ்செய்திகளைச் சுமந்து, போன ஊர்களிலிருந்து மீண்டுவந்து உறங்கின.

இவற்றைக் காத்துவந்தவள் நடுவயதை எட்டிய ஒருத்தி. ஊரார் அவளைப் படக்காப்பாளர் என்றனர். சட்டத்துக்குள் புகும் பூச்சியின் வகையையும், தாளை மஞ்சளாக்கும் ஈரத்தின் அளவையும் அறிந்து, பிறர் வீட்டு முன்னோரைப் பெற்ற பிள்ளைபோல் பேணிய அவளிடம், தன் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. அவள் பால்குடி மறவாத நாளிலேயே தாய் இறந்துவிட்டாள். தாயை அறிந்தவர்கள், "உங்கம்மாவா? சிரிச்சா அக்கரைக்குக் கேக்கும்" என்பார்கள், முகம் எப்படி என்று கேட்டால், "நல்லா இருப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. எனவே பாலம் திறந்த நாளின் கூட்டத்திலும், வெள்ளம் வடிந்த நாளின் கூட்டத்திலும், கடைத்தெருவைக் காட்டும் அட்டைகளிலும், உருப்பெருக்கும் ஆடியைக் கண்ணில் பொருத்தி, அவள் ஒவ்வொரு பெண்ணின் முகமாகத் தேடினாள். யாரைத் தேடுகிறோம் என்று அறியாதவள் எதைக்கொண்டு தேடுவாள்? தன் மூக்கையும் தன் நெற்றியையும் கொண்டு தேடினாள். பல ஆண்டுகள் தேடியும், அந்த ஆடிக்குள் நீந்திவந்த முகங்களில் எதுவும் அவளை அறிந்ததுபோல் நோக்கவில்லை.

அவ்விழுப்பறைகளில் இருந்த அட்டைகளுள் ஊரார் உயிராய்ப் போற்றியது ஒன்றுண்டு. படகுத்துறையைக் காட்டும் அட்டை அது. ஆளரவமற்ற அகன்ற படிகள். படகு கட்டும் கல்தூண்கள். அவற்றின் நடுவே, கிளைகளைக் குடைபோல் விரித்து நிற்கும் ஒரு பெருமரம். இன்று துறையில் மரமில்லை. பாலம் கட்டியபோது வெட்டிவிட்டார்கள் என்று சிலர் வருந்தினர். வெள்ளம் கொண்டுபோயிற்று என்று சிலர் சூள் உரைத்தனர். அட்டை இல்லாத வீடு அவ்வூரில் அரிது. அம்மரத்தடியில் அமர்ந்த நினைவு இல்லாத முதியோரும் அரியர். அப்படத்தைப் பெரிதாக்கி வாயிலில் மாட்டி ஊர்வரலாற்றுக் காட்சியைத் திறப்பதென்றும், அதே நாளில் அதே இடத்தில் அதே இனத்து மரக்கன்றை நடுவதென்றும் நகரத்தலைவர் முடிவு செய்து, ஒரு காலையில் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இது என்ன மரம்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. கன்னு வாங்கணும்" என்றார்.

"இலையைப் பாத்தா ஒரு மரம், கிளையைப் பாத்தா வேற மரமா இருக்குங்க ஐயா."

"எங்க மாமனார் ஒரு பேர் சொல்றார், அவர் தம்பி இன்னொரு பேர் சொல்றார். ரெண்டு பேருமே அதுக்குக் கீழ படுத்துத் தூங்கினவங்களாம். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது."

"படுத்தப்போ நிழல் இருந்துச்சாமா?"

"நிழல் இல்லாம எவன் மரத்தடியில படுப்பான்? என்னம்மா கேக்கறீங்க?"

காப்பாளர் அட்டையையே நோக்கினாள். கல்தூண் ஒவ்வொன்றின் நிழலும், ஒரே கை கிழித்த கோடுகள்போல், இடப்புறம் சாய்ந்து படிகளில் மடிந்து கிடந்தது. அத்தனை பெரிய மரமோ, வானத்திலிருந்து இறக்கி வைத்த பொருள்போல், தனக்கென்று ஒரு நிழலும் இன்றி நின்றது. ஆடியும் கையுமாய் வாழ்ந்த அவள் கண் கூட்டங்களையே தேடியதால், ஆளில்லாத இந்த அட்டையில் ஒருநாளும் ஊன்றி நின்றதில்லை.

ஊரின் பழைய ஒளிப்பட நிலையத்தை விற்ற உரிமையாளரின் பேரப்பிள்ளைகள், எரிப்பதற்கு மனமின்றி, எஞ்சிய பெட்டிகளை வண்டியில் ஏற்றி அவ்வாரமே அனுப்பினர். அவற்றுள் ஒரு பெட்டியில், தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு பெரும்படம் இருந்தது. துறையின் மூலப்படம் அது. அதைப் பார்த்தே ஊரெங்கும் பரவிய அஞ்சலட்டைகள் அச்சாயின. அவள் அதைச் சாளரத்தருகே கொண்டுசென்று, ஒளி மேற்பரப்பில் வழுக்கிச் செல்லுமாறு சாய்த்துப் பிடித்தாள். மரம் முழுவதும், புண் ஆறிய இடத்துத் தோல்போல், படத்தின்மேல் சற்றே புடைத்து நின்றது. அது படத்தில் பதிந்த மரமன்று. படத்தின்மேல் பூசிய மரம். மரம் மட்டுமோ! படிகளெங்கும் ஆளின் உயரத்தில், ஆளின் அகலத்தில், கல்லின் நிறத்திலேயே திட்டுத்திட்டாய் வண்ணம் படர்ந்திருந்தது. ஆளரவமற்ற அகன்ற படிகள் என்று ஊர் நம்பிய அவ்விடத்தில், அன்று நிற்க இடமின்றி மக்கள் நெருங்கியிருந்தனர்.

அவள் தந்தை அந்நிலையத்தில்தான் முதுமை வரும்வரை படம் திருத்தியவர். 'ரப்பர்' என்பது உடன் உழைத்தோர் அவருக்கு இட்ட பட்டப்பெயர். கதிர் தாழ்ந்த காலை மாலைகளில் ஒளி குறைவதால், படக்கருவியின் மூடியைத் திறந்து நெடுநேரம் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவும் அசையாதிருந்த பொருள் தெளிவாய்ப் பதியும். அசைந்தவர் புகைபோல் கலைந்து கறையாவர். ஊர் துப்புரவாய்த் தெரியவேண்டும், படத்தில் கறை கூடாது என்பது உரிமையாளரின் நெறி. எனவே கலைந்த ஒவ்வொருவரையும், அவருக்குப் பின்னால் என்ன இருந்திருக்குமோ அதன் நிறத்தால் மூடிவிடுவது தந்தையின் தொழில். அவர் தூரிகையின் அடியில் அவ்வூரின் பாதி மக்கள் கல்லும் சுவருமாய் ஆயினர்.

அன்று மாலை, வீட்டின் சிறிய உணவறையில், எதிரெதிரே அமர்ந்து உண்ணும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, படகுத்துறையில மரம் இருந்துச்சா?"

"எந்த மரம்?"

"போஸ்ட் கார்டுல இருக்கே, அது."

கிழவர் சிரித்தார். "அதுவா. அது நான் வெச்ச மரம்."

"எப்ப வெச்சீங்க?"

"ஒரு மத்தியானம். தண்ணிகூட ஊத்தல, பிரஷ்தான் கழுவினேன்."

"பாதி ஊர் அதுக்குக் கீழ தூங்கியிருக்காம்."

"தூங்கட்டுமே. நம்ம மரத்தடியில நாலு பேர் தூங்கினா நமக்குப் பெருமைதானே."

"நிழலே இல்லப்பா. போட மறந்துட்டீங்க."

சோற்றை நோக்கிச் சென்ற கை நின்றது. ஒரு நொடி, தொழிலில் பிழை பிடிபட்டவனின் நாணம் அம்முகத்தில் படர்ந்தது. மறுநொடி அதை வேறொன்று விழுங்கிற்று. "மறந்துட்டேனா" என்றார் மெல்ல. "இருக்கும். அன்னைக்குக் கை ஓடல."

"மத்த எல்லாரையும் கல்லு கலர்ல மூடியிருக்கீங்க. அந்த இடத்துல மட்டும் எதுக்கு மரம்?"

"கல்லை வெச்சு மூட மனசு வரல."

"யாரை?"

அவர் எழுந்து கை கழுவினார். துண்டால் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தார். அதன் பின்னரே சொன்னார். "உங்கம்மாவை."

அறையில் இருந்தவை யாவும் இருந்த இடத்திலேயே இருந்தன; ஆயினும் அவளுக்கு, நெடுநாள் ஓடிய இயந்திரம் ஒன்று நின்றுவிட்டாற்போல் செவி அடைத்தது.

"போட்டோவே இல்லன்னு சொன்னீங்களே அப்பா. இத்தனை வருஷமா."

"இல்லன்னுதான் இப்பவும் சொல்றேன். அது போட்டோ இல்லம்மா, கறை. உன்னை மடியில வெச்சுக்கிட்டுப் படியில உக்காந்திருந்தா. ஆடாதேன்னு சொல்லிட்டுத்தான் மூடியைத் திறந்தோம். எண்ணிக்கிட்டு நிக்கிறேன், குனிஞ்சிருந்தவ நிமிர்ந்து என்னைப் பாத்தா. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சுட்டா. முதலாளி கழுவிப் பாத்துட்டு, 'ஏய் ரப்பர், உன் வீட்டுக்காரி படத்தைக் கெடுத்துட்டா, நீயே சரி பண்ணு'ன்னார்."

"நீங்களும் பண்ணிட்டீங்க."

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா அவளைப் பாக்கப் போறேன். கறையை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன்? வந்து அவகிட்டயே சொன்னேன், உன்னை மரமாக்கிட்டேன்னு. 'பழம் உண்டா, வெறும் மரந்தானா'ன்னு கேட்டா." அவர் முகத்தில் அன்றைய சிரிப்பின் மிச்சம் ஒன்று தோன்றி அணைந்தது. "அந்த வருஷத்து மழையிலதான் அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

அவள் உண்ட தட்டை ஒதுக்கி வைத்தாள். "அந்த மரத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"வேணாம்மா."

"ஏன்?"

"கண்ணை மூடினா அவ முகம் எனக்கு வருது. இன்னைக்கும் வருது. அந்தக் கறையைப் பாத்துட்டேன்னா, அப்புறம் கண்ணை மூடினா கறைதான் வரும்."

"மூடினா வர்றதுக்கு உங்களுக்கு ஒரு முகம் இருக்குப்பா. எனக்கு என்ன இருக்கு?"

ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளவும் தெரியாத அவ்விருவரும், ஒரே விளக்கின் கீழ், ஒரே பெண்ணை நினைந்து, ஒருவர் துயரை மற்றவர் தொட இயலாதவராய் இருந்தனர். ஒருவருக்கு இழக்க ஒரு முகம் இருந்தது. மற்றவளுக்கு இழக்கவும் ஒன்றில்லை. இவ்விரண்டில் எது பெரிய வறுமை என்று அளந்து சொல்ல வல்லார் யார்?

மறுநாள் அவள் நகரத்தலைவரிடம் சென்று, மரம் ஒரு பூச்சு என்பதையும், அதைக் கழுவி எடுக்க விரும்புவதையும் ஒளியாது உரைத்தாள்.

"கழுவிட்டா நான் எதைம்மா திறந்து வைக்கிறது?" என்றார் அவர்.

"மரத்தோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டுத்தான் தொடுவேன் ஐயா. அதுவும் போக, கார்டு வீட்டுக்கு வீடு இருக்கு, மரம் எங்கயும் போகாது. கீழ இருக்கிறவங்க இந்த ஒண்ணுலதான் இருக்காங்க."

"யார் அது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்கம்மா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார். "எடுங்க" என்றார். வாயில்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "மரம் இல்லவே இல்லைங்கிறதை மட்டும் எங்க மாமனார் காதுல போட்டுடாதீங்க. தம்பியோட சண்டை போடறதுக்கு அவருக்கு வேற விஷயம் கிடையாது" என்றார்.

தொழிலை அறிந்தவள் ஆதலால் அவள் அதன் அச்சத்தையும் அறிந்திருந்தாள். பசையில் குழைத்த வண்ணம் நீர் பட்டால் நெகிழும். ஆனால் வண்ணத்தின் கீழ், உருவைத் தன்னுள் தாங்கிய மெல்லிய படலமும் நீரைக் குடித்துப் பருக்கும். மிகுதியாய் நனைந்தால் வண்ணத்தோடு உருவும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போதிய ஈரம் எது, மிகுந்த ஈரம் எது என்பதைக் கை மட்டுமே அறியும்; கை தவறினால் திருத்த வழியில்லை. மரத்தைக் கழுவக் குறித்த நாளின் காலை அவள் புறப்பட்டபோது, தந்தை சலவைச் சட்டை அணிந்து, காலில் செருப்புடன், வாயிற்படியில் நின்றிருந்தார்.

"பாக்க வரல. சும்மா கூட உக்காந்திருக்கேன்" என்றார்.

மாடியறையில் தம் நாற்காலியைச் சாளரத்தின் பக்கம் திருப்பிப் போட்டு, மேசைக்கு முதுகு காட்டி, ஆற்றை நோக்கி அமர்ந்தார். அவள் பஞ்சைச் சிறு குச்சியில் சுற்றி, நனைத்து, பிழிந்து, தன் புறங்கையில் தொட்டுப் பார்த்து, முதலில் மரத்தின் உச்சியில் ஓர் இலையைத் தொட்டாள். இலை பஞ்சில் ஏறிற்று. அது நின்ற இடத்தில் கிடங்கின் செங்கல் ஒன்று, எழுந்து முகம் கழுவியதுபோல் தெளிந்தது. பஞ்சை மாற்றினாள், அடுத்த இலை. தந்தையின் தூரிகை ஒரு நண்பகலில் வளர்த்த மரம், மகளின் விரல்களில் கிளை கிளையாய்ப் பச்சை நீராகிக் கரைந்தது. சில இடங்களில் தூரிகையின் மயிர்க்கீற்றுகள்கூடத் தெரிந்தன. அவற்றை அழிக்கும்போது, அவர் கையின் இளமையையே அழிப்பதுபோல் அவள் நெஞ்சு நொந்தது; ஆயினும் கை நிற்கவில்லை.

கதிரவன் உச்சியை நெருங்கும்போது கிளைகள் நீங்கி, மரத்தின் தலையிருந்த இடத்தில் அவள் தேடிய இடம் திறந்தது. அவள் ஆடியைப் பொருத்திக் குனிந்தாள். முகம் அங்கே இல்லை. இரண்டு முகங்களின் சாயல் இருந்தது: மடியை நோக்கிக் குனிந்த ஒரு சாயல், நேரே நிமிர்ந்த மற்றொரு சாயல், இரண்டுக்கும் இடையே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சென்ற வழியெங்கும் விடியற்காலை மூடுபனி. கண் இன்னது, வாய் இன்னது என்று பிரித்தறிய இயலாத வெண்மை. துறையின் கல் கூர்மையாய்ப் பதிந்திருந்தது. கயிறும் தூணும், ஆணியின் தலையும்கூடக் கூர்மையாய்ப் பதிந்திருந்தன. உயிர் அற்றவை யாவும் தம்மை முழுமையாய்த் தந்துவிட்டிருக்க, சிரிக்கத் தெரிந்த ஒருத்தி மட்டும் ஒளியின் பிடிக்கு அகப்படாமல் நழுவியிருந்தாள்.

அவள் வாய் பேசாதிருந்ததிலிருந்தே தந்தை உணர்ந்துகொண்டார். "கறைதானேம்மா?" என்றார், திரும்பாமல்.

"முகம் தெரியலப்பா."

"நான்தான் சொன்னேனே."

அவள் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பாதியில் விட்ட மரம் பார்க்கப் பொறாது என்பதனாலேயே, பஞ்சை மாற்றி, அடிமரத்தையும் தொடங்கினாள். பழுப்பு வண்ணம் மெல்ல நெகிழ்ந்தது. அதன் கீழிருந்து ஒரு கை எழுந்தது.

ஐயமின்றி ஒரு கை. மணிக்கட்டும் நரம்பும், நகங்களின் பிறைகளும் எண்ணலாம்போல் தெளிந்த இடக்கை. அகன்ற கை, குறுகிய, உழைப்பேறிய விரல்கள். காப்பாளரின் விரல்களோ நீண்டு மெலிந்தவை. அத்தனை ஆண்டுகளாய் அவள் கூட்டங்களில் தேடியது தன் சாயலை. தன்னைப்போல் இல்லாத ஒருத்தியை அவள் தேடியதே இல்லை. அந்தக் கை ஒரு துணிப்பொதியைத் தாங்கியிருந்தது. அதன்மேல் வலக்கை, வலக்கையின் ஒரு விரலை இறுகப் பற்றியவாறு மிகச்சிறிய ஒரு பிடி, பிடிக்கு அப்பால், ஆடியின் வட்டத்தினுள், இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிய, ஒரு குழவியின் முகம். மூடி திறந்திருந்த அவ்வளவு நேரமும் அக்குழவி அசையவில்லை. அதைத் தாங்கிய கைகளும் அசையவில்லை. கணவனை நோக்கி நிமிர்ந்தபோதும், சிரித்தபோதும், உடல் முழுதும் கலைந்தபோதும், கைகளை மட்டும் அவள் கல்லினும் அசையாமல் வைத்திருந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"கை தெரியுது. ரெண்டு கையும். நல்லா, பளிச்சுனு."

நாற்காலி கிறீச்சிட்டது. ஆயினும் அவர் திரும்பவில்லை. "அவ கை கொஞ்சம் பெரிசா இருக்கும்" என்றார். "வளையல் சைஸே கிடைக்காது. கடைக்காரன் கிண்டல் பண்ணுவான்."

"வளையல் இல்லப்பா. வெறுங்கைதான்."

"அதான் சொன்னேனே, சைஸ் கிடைக்கலன்னு." பின், "குழந்தை?" என்று கேட்டார்.

"இருக்கு. அம்மா விரலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"முழிச்சிருக்கா?"

"இல்லப்பா. தூங்குது."

"அப்ப மெதுவாப் பேசு" என்றார் கிழவர்.

நண்பகலின் ஒளி சாளரங்களைக் கடந்து தரையில் இறங்கியது. பாலத்து வண்டிகளின் ஓசை எங்கோ நெடுந்தொலைவில் கேட்பதுபோல் தணிந்தது. முகமில்லாத தாயின்முன் குனிந்திருந்த மகளும், அவளுக்கு முதுகு காட்டி ஆற்றை நோக்கியிருந்த தந்தையும், படத்தில் உறங்கும் அக்குழவியை எழுப்பிவிடலாகாது என்பதுபோல், குரலைத் தாழ்த்தி, பொழுது சாயும்வரை அத்தாயைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.